கடலே வாசல் – 11: சத்தம் ஓய்ந்த துறைமுகம்

தாம்பரத்திலிருந்து கிழக்கே நேர்கோடு ஒன்று இழுத்தால், அது ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடலில் இறங்கும். அப்புறம் 1,350 கிலோமீட்டருக்கு எந்தக் கரையும் இல்லை. முதலில் தட்டுப்படுவது யானைகள் திரியும் இன்டர்வியூ தீவு. அதையும் தாண்டிக் கோட்டைக் கொஞ்சம் நீட்டினால் மாயாபந்தர். தாம்பரமும் மாயாபந்தரும் ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்கள். ஐப்பசி பிறந்ததும் “அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்தத் தாழ்வு நிலை” என்று வானிலை அறிக்கையில் கேட்கிறோமே, அந்தக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர். நமக்கு மூன்று நான்கு நாள் கழித்து வரப்போகும் மழை, அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே கிளம்புகிறது.

சென்ற வாரம் ரங்கத்தில் நின்றோம். அங்கிருந்து வடக்கே எழுபது கிலோமீட்டர் வந்தால் மாயாபந்தர். மத்திய அந்தமான் தீவின் வடமுனை அது. 2006இல் வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டம் உருவானபோது இதுவே தலைநகரானது. மாவட்டத் தலைநகர் என்றதும் பேருந்து நிலையம், நகைக்கடை, போக்குவரத்து விளக்கு என்று கற்பனை செய்ய வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதும் சேர்த்தே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஊரே ஒரு மேட்டின் முதுகில் நீளவாக்கில் கிடக்கிறது. பஜார் தெருவில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வீடுகளுக்கு நடுவே கடல் தெரியும். மேட்டின் முனையில் இறங்கினால் ஜெட்டி.

போகும் வழி

தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரிலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) சாலை வழியே சுமார் 240 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் தப்பு. ஜிர்காடாங்கில் காத்திருந்து, ஜாரவா பழங்குடிகளின் காட்டைக் குறித்த நேரத்துக் கான்வாயில் வரிசையாகக் கடந்து, பாராடாங் போக ஜலசந்தியில் வண்டியோடு படகில் ஏறி இறங்கி வர வேண்டும். விடியும் முன் கிளம்பியவர் மாயாபந்தர் வந்து சேர்வதற்குள் பகல் முழுக்கக் கரைந்துவிடும்.

இந்த டிரங்க் ரோடு வருவதற்கு முன்பு கப்பல்தான் ஒரே வழி. தபால், அரிசி, புது ஆசிரியர், மருத்துவர் எல்லாரும் எல்லாமும் கடல் வழியே வந்தவை. இன்றும் கப்பல் உண்டு. வயதானவர்கள் சாலையைவிட அதையே நம்புகிறார்கள். எலும்பு குலுங்காது, படுத்துக்கொண்டே போகலாம் என்பது அவர்கள் கட்சி.

இங்கே கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போவதில்லை. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் தீர்க்கரேகை உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே போகிறது. மாயாபந்தர் அதற்குப் பத்து பாகைக்கு மேல் கிழக்கே. ஆகவே, சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. மே, ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே பளிச்சென்று விடிந்துவிடும். மார்கழியில் மாலை ஐந்தைத் தாண்டினாலே பொழுது சாய்ந்துவிடும். ஊரும் சூரியன் பக்கமே நிற்கிறது. அதிகாலையில் மீன் கரைக்கு வந்துவிடும். எட்டு மணிக்குள் விற்றும் தீர்ந்துவிடும். மத்தியானம் தெருவில் ஆள் இருக்காது. இரவு எட்டு மணிக்கு ஒரு பைக் போனால், யார் வீட்டுப் பையன் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார்.

எதிரே ஸ்டூவர்ட் சவுண்ட். தீவுகள் சூழ்ந்த விரிநீர்ப்பரப்பு அது. கூப்பிடு தூரத்தில் ஏவிஸ் தீவு, தென்னை மரங்களோடு. ‘டங்கி’ என்று இங்கே சொல்லும் மோட்டார் வைத்த மரப்படகுகள் குறுக்கும் நெடுக்கும் போகும். அந்த ஒலி நின்றுவிட்டால் அலையோசைகூடப் பெரிதாகக் கேட்காது. அலையாத்திக் காடுகளும் தீவுகளும் தடுத்துவிடுவதால், மெரினாவில் கேட்கும் இரைச்சல் இங்கே கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் ஏறும், இறங்கும். இறங்கியதும் அலையாத்தி வேர்கள் வெளியே தெரியும். சேற்றில் நண்டுகள் கிளம்பும். கடிகாரம் இல்லாமலே இங்கே நேரம் சொல்லலாம்.

இந்த அமைதியைப் பார்ப்பவர்கள், ஆதிநாளிலிருந்து இப்படியே இருந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள். அப்படி இல்லை. மாயாபந்தர் ஒரு காலத்தில் சத்தமான ஊர். அமைதி பிற்பாடு வந்தது. யாரோ எடுத்த முடிவுகளால் வந்தது. இங்கே வாழ்பவர்கள் அதற்கு இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரம்பமும் யானையும்

1950களின் தொடக்கத்தில் வட அந்தமான் காடுகளில் மரம் வெட்டும் உரிமை கல்கத்தாவின் பி.சி. ராய் கம்பெனிக்குப் போயிற்று. படாக், குர்ஜன் என்று வானுயர்ந்த மரங்கள். வெட்டிய மரத்தைக் கடற்கரைக்கு இழுத்துவர யானை வேண்டும். அந்தமானில் இயற்கையாக யானையே கிடையாது. எனவே, இந்தியப் பெருநிலத்திலிருந்து கப்பலில் யானைகளை ஏற்றிவந்தார்கள். ஜெட்டியில் மரம், காட்டில் ரம்பம், மலைச்சரிவில் பாகனின் அதட்டல் என்று இந்தக் கரை இரைந்துகொண்டிருந்தது.

1962இல் கம்பெனி படுத்தது. யானைகளுக்குத் தீனி போட ஆளில்லை. நாற்பது அளவிலான யானைகளை இன்டர்வியூ தீவில் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். 133 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் அவை குட்டி போட்டுக் காட்டு யானைகளாகிவிட்டன. வளர்ப்பு யானை காட்டு யானையாகத் திரும்பிய கதை உலகில் அபூர்வம். கேட்க இனிக்கும் கதைதான், ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. யானையைக் கண்டிராத அந்தக் காட்டில் தாழையும் பிரம்பும் மூங்கிலும் தீனியாகி அருகின. முளைவிடும் கன்றுகள் மரமாகவில்லை. இன்று அந்தத் தீவு ஒரு சரணாலயம். வனத்துறை, காவல்துறை ஆட்களைத் தவிர அங்கே குடியிருப்பவர் இல்லை.

கம்பெனி போனாலும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. அரசே வெட்டியது. அதை நிறுத்தியது ஒரு வழக்கு. அந்த வழக்கின் வேர் நம்ம நீலகிரியில் இருக்கிறது. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பொறுக்காமல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். இந்தியாவின் காடுகள் அனைத்தையும் அந்த ஒரே வழக்கு தன் கீழ் கொண்டுவந்தது. அந்தமான் காடுகளும் அதில் சேர்ந்தன. 2002 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது: பழங்குடிக் காப்பகங்களில் மரம் வெட்டக்கூடாது, தீவுக்கு வெளியே மரம் போகக்கூடாது, உள்ளூர்த் தேவைக்கு மட்டும் அளந்து வெட்டலாம். கூடலூரில் தொடங்கிய முறையீடு மாயாபந்தரின் ரம்பங்களை ஓயவைத்தது. மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த அமைதி சுகமாக வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலை போயிற்று, ஜெட்டியில் கூலி குறைந்தது. பாக்கு, தென்னை, மீன், அரசு வேலை என்று திசை மாறிக்கொண்டார்கள்.

வேபி கிராமத்தார்

மரம் வெட்டுவதற்காகவே இங்கே கொண்டுவரப்பட்டுக் காட்டோடு ஒட்டி வாழக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் கரேன்கள். பர்மாவின் பாத்தீன் வட்டாரத்திலிருந்து 1925இல் ஆங்கிலேய அரசு சில குடும்பங்களைக் கப்பலில் அழைத்துவந்தது. இன்செயினில் கரேன் இறையியல் பள்ளியை நடத்திய அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் ஹாரி மார்ஷல் ஆள் திரட்டிக் கொடுத்தார். காட்டு வேலைக்குக் கூலி, பயிர் செய்ய நிலம் என்பது பேச்சு. அவர்கள் அமைத்த முதல் கிராமம் வேபி. அதைச் சுற்றி இன்னும் சில கிராமங்கள் பிறகு முளைத்தன. 2025இல் அவர்கள் வந்து நூறு ஆண்டு நிறைந்தது.

வேபிக்குள் போனால் கால்களின் மேல் நிற்கும் மர வீடுகள், கீழே கோழியும் விறகும், பக்கத்தில் நெல் வயல், அப்பால் காடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பல குரல்கள் சேர்ந்து பாடுவது சாலைவரை கேட்கும். வீட்டில் கரேன் மொழி, பஜாரில் இந்தி. சாப்பாட்டில் இறால் ஊறல் விழுது இல்லாத நாள் குறைவு. நம்மூரில் கருவாட்டுக்கு எப்படி முகம் சுளிப்பவரும் முகம் மலர்பவருமாகப் பிரிந்து நிற்பார்களோ, அங்கே அந்த விழுதுக்கு அதே கதை. காட்டில் எந்தக் கொடி தண்ணீர் தரும், எந்த ஓடையில் எந்த நிலவுக்கு மீன் ஏறும், எந்த மரத்தில் டங்கி செய்தால் பத்து வருஷம் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அந்த அறிவு பின்னாளில் வேறு வழியில் பயன்பட்டது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் சென்னை முதலைப் பண்ணை, அந்தமானில் ஓர் ஆய்வுக் கிளை தொடங்கியது. தென் அந்தமானின் வாண்டூரில் இயங்கும் அந்தமான் நிகோபார் சுற்றுச்சூழல் குழு அதுதான். அதன் படகோட்டிகளும் களப்பணியாளர்களும் பெரும்பாலும் மாயாபந்தர் கரேன்கள். இந்தத் தீவுகளின் ஆமை, பாம்பு, பவளம் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் பின்னால் ஒரு கரேனின் துடுப்பு இருக்கிறது.

இத்தனைக்கும் அரசுப் பட்டியலில் அவர்கள் இதர பிற்படுத்தப்பட்டோர்தான். பழங்குடித் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக நிற்கிறது.

இருட்டு தேவைப்படும் உயிர்கள்

ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி கர்மாடாங் கடற்கரை. நீண்டு வளைந்த மணல். குளிர்காலத்தில் கடலாமைகள் இங்கே ஏறி முட்டையிடும். பங்குனி ஆமைகளே அதிகம். இரவில் தாய் ஆமை மேலேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். நாயிடமிருந்தும் அலையிடமிருந்தும் காப்பாற்ற, வனத்துறை முட்டைகளைச் சேகரித்து வேலிக்குள் புதைத்து வைக்கிறது. ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல் என்பது அவற்றின் பிறவிப் பாடம். நட்சத்திர ஒளி பட்டு மின்னும் கடலை நம்பி எழுதப்பட்ட பாடம் அது. பெசன்ட் நகரில் தெருவிளக்கை நோக்கித் திரும்பிவிடும் குஞ்சுகளைத் தன்னார்வலர்கள் கூடையில் அள்ளிக் கடலில் விட வேண்டியிருக்கிறது. கர்மாடாங்கில் எதிர்த்திசையில் இழுக்க விளக்கு வரிசை இல்லை.

இந்தத் தீவுகளின் ஆமைக் கரைகளை முதன்முதலில் முறையாக எண்ணி எழுதியவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், கிண்டி பாம்புப் பண்ணைப் பக்கம் திரும்பிவிட்டார். 1970களின் இறுதியிலிருந்து இந்தியாவின் கரைகளைக் காலால் அளந்தார். 1990களில் இன்டர்வியூ தீவுக்கு அருகே இருக்கும் சவுத் ரீஃப் என்ற துண்டுத் தீவில், மாதக்கணக்கில் தங்கி அழுங்காமைகளைக் கவனித்தார். பேச்சுத் துணை இல்லாத வாழ்க்கை. 2023இல் மறைந்தார்; மறுவருடம் அவரைப் பற்றி ‘டர்ட்டில் வாக்கர்’ என்ற ஆவணப்படம் வந்தது. தனிமையை அழகு என்று எழுதுவது சுலபம். அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு வேறு மனசு வேண்டும்.

இன்டர்வியூ தீவின் குகைகளில் இன்னோர் உயிரும் இருட்டை நம்பி வாழ்கிறது. உண்ணத்தகு கூடு கட்டும் உழவாரன் குருவி. எச்சிலாலேயே கூடு கட்டும். கும்மிருட்டில் சொடுக்கொலி எழுப்பி, எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும். அந்தக் கூட்டுக்குச் சீனச் சந்தையில் பெரும் விலை. திருட்டுத்தனமாகக் கூடுகளைப் பெயர்த்தெடுத்ததில் குருவிகள் வேகமாகக் குறைந்தன. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் குகை குகையாக ஏறி இறங்கி இதைக் கணக்கெடுத்தார். வனத்துறையோடு சேர்ந்து காவல் போட்டார். காவலுக்கு வைத்த ஆட்களில் முன்பு கூடு திருடியவர்களும் இருந்தார்கள். எந்தப் பொந்தில் எத்தனை கூடு என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? குருவிகள் அந்தக் குகைகளில் மீண்டும் பெருகின. 2009இல் ரவி சங்கரன் இளவயதிலேயே காலமானார், காவல் தொடர்ந்தது.

அமைதியின் விலை

இனி, சுற்றுலா விளம்பரங்கள் சொல்லாத பகுதிக்கு வருவோம்.

மாயாபந்தரில் மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சை, சிக்கலான பிரசவம் என்றால் போர்ட் பிளேருக்குத்தான் அனுப்ப வேண்டும். ஹெலிகாப்டருக்கு வானிலை ஒத்துவர வேண்டும். சாலை என்றால் அத்தனை நீளப் பயணம். அதற்கு மேலும் பெரிய வைத்தியம் என்றால் சென்னை. தீவுக்காரர்கள் ‘மெயின்லேண்ட்’ என்று சொல்லும்போது பாதி நேரம் அதற்கு ஆஸ்பத்திரி என்றுதான் பொருள்.

ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை. சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியும் மார்ச், ஏப்ரலில் தீவுகளின் பல ஊர்களில் குடிநீர் முறை வைத்துத்தான் வரும். செங்குத்து நிலம் தண்ணீரை நிறுத்தி வைப்பதில்லை. பெய்தது கடலுக்கு ஓடிவிடும். புயல் சின்னம் எழுந்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விலை ஏறும். அழகான அந்த ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. கால் நனைக்கும் முன் உள்ளூர்க்காரரைக் கேட்க வேண்டும். அந்தி மணலில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ கடித்து, ஒரு வாரம் சொறிய வைக்கும்.

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தட்டு கிழிந்தது. தெற்கே போர்ட் பிளேர் ஒரு மீட்டர் அளவில் தாழ்ந்து, வயல்களில் உப்புநீர் புகுந்தது. வடக்கே நேர் எதிர். இன்டர்வியூ தீவின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் வெளுத்துச் செத்தன. ஓதநீர் எட்டாமல் போன அலையாத்திகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. ஒரே காலையில் வரைபடம் மாறிப்போன பூமி இது. அங்கே வீடு கட்டுபவருக்கு அது தெரியும். தெரிந்தும் கட்டுகிறார்.

நம் ஆட்களும் அப்படிக் கட்டியவர்களில் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் வங்காளிகள், இந்தி பேசுவோருக்கு அடுத்தபடி தமிழர்கள், சுமார் 15 சதவீதம். மாயாபந்தர் பஜாரில் மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் தமிழ் கேட்கும். ஜெட்டி பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தன் ஊரைச் சொன்னார். சிவகங்கைப் பக்கம். “ஊருக்குப் போனா ரெண்டாம் நாளே தலை வலிக்குது. ஹாரன் சத்தம் தாங்கல. ஆனா புள்ளைங்களுக்கு இங்க என்ன இருக்கு சொல்லுங்க?” அவர் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். இங்கே மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலைக்கு வழி குறைவு. அமைதியான ஊர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான். பெரியவர்களுக்குப் பிடிக்கிறது, இளையவர்களைப் பிடித்து வைக்க முடிவதில்லை.

ஆகவே, மாயாபந்தர் அப்படியே இருக்கட்டும், ஒன்றும் மாறக்கூடாது என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல மருத்துவமனை வேண்டும், தவறாத கப்பல் வேண்டும், கரேன்களின் கோரிக்கைக்கு ஒரு பதில் வேண்டும். இவற்றால் எந்த அமைதியும் கெட்டுவிடாது. கெடுப்பது வேறு. கர்மாடாங் மணலில் விளக்கு வரிசையோடு விடுதிகள் எழுந்தால் ஆமை ஏறாது. ஹேவ்லாக் தீவில் அறைகளும் குப்பையும் பெருகிய வேகம் இங்கே வந்தால், ரம்பம் ஓய்ந்ததற்குப் பொருளே இல்லை.

போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏவிஸ், இன்டர்வியூ தீவுகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜாரவா காட்டில் வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் வேடிக்கைப் பொருளல்ல. முடிந்தால் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்குங்கள், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுங்கள், அவர்கள் டங்கியில் போங்கள். உங்கள் பணம் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவனையாவது அங்கேயே நிறுத்தி வைக்கட்டும். சிப்பியோ பவளத் துண்டோ எடுத்து வராதீர்கள். ஆமைக் கரைக்கு இரவில் போனால் கைபேசி விளக்கை அணைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம், வன அதிகாரி செங்கப்பாவின் பெயர் தாங்கிய பாலத்தில் ஆஸ்டின் ஜலசந்தியைக் கடந்து, வட அந்தமானின் டிக்ளிபூருக்குப் போவோம்.

(தொடரும்)